நல்லெண்ணம் மட்டும் போதுமா?

"நல்லது என்று நினைத்துத்தானே செய்தேன்!" இந்த வார்த்தையை நாம் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறோம். மருமகளுக்குப் புத்தி சொல்லப் போய்க் குடும்பத்தில் மனஸ்தாபத்தை உண்டாக்கிய மாமியார் இதைச் சொல்லுகிறார். மகனுக்குச் சற்றும் பிடிக்காத படிப்பில் அவனைச் சேர்த்துவிட்டு, நாலு வருஷம் வீணான பிறகு தகப்பனாரும் இதையே சொல்லுகிறார். சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் வாய் அடைத்துப் போகிறது. எண்ணம் நல்லதாயிருக்கும்போது அதற்குமேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? கெட்ட எண்ணத்தோடு செய்தவனைக் கண்டிக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்தவரை எப்படிக் கண்டிப்பது?

ஆனால் கெடுதல் நடந்துவிட்டது. அது யார் கணக்கில் சேரும்? நன்மை செய்ய நினைப்பது மட்டும் போதுமா, அல்லது நன்மை செய்யப் புறப்படுகிறவனுக்கு வேறு கடமைகளும் உண்டா? இந்தக் கேள்வியை வெறும் வார்த்தையாக விவாதிப்பதைவிட, உண்மையில் நடந்த ஒரு காரியத்தை வைத்துச் சிந்திப்பது நல்லது. அந்தக் காரியம் நம் ஊரில் நடந்ததல்ல. தூரதேசத்தில், மலை உச்சிகளுக்கு நடுவே, வண்டிப் பாதையே இல்லாத ஏரிக்கரைகளில் நடந்தது. தூரத்தில் நடந்ததாகையால் நமக்கு அதில் கோபதாபமில்லை. நிதானமாக நியாயம் பார்க்கலாம்.

மலைமேல் உள்ள ஏரிகள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் கிழக்கு ஓரமாக சியரா நெவாடா என்ற மலைத்தொடர் ஏறத்தாழ 400 மைல் நீளத்துக்கு நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய விட்னி மலை 14,505 அடி உயரமுள்ளது. பூர்வகாலத்தில் பனியாறுகள் அந்தக் கருங்கல் மலைகளைக் குடைந்து சென்றன. அவை உருகி மறைந்தபோது குடைந்த பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. இப்படி உண்டான ஏரிகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மரங்கள் வளராத உயரத்தில், சுற்றிலும் வெறும் பாறையாக, அடியிலுள்ள கல் தெரியும்படி தெளிந்த தண்ணீரோடு அவை கிடக்கின்றன. வருஷத்தில் பாதிக்கும் மேற்பட்ட காலம் அவற்றின்மேல் பனிக்கட்டி மூடியிருக்கும்.

கோடை மாதங்களில் அந்த ஏரிகளைத் தேடி மனிதர்கள் நடந்து போகிறார்கள். மோட்டார் அங்கே போகாது. சைக்கிளுக்கும் அனுமதியில்லை. கூடாரம், படுக்கை, அடுப்பு, அரிசி, ரொட்டி எல்லாவற்றையும் முதுகுப்பையில் கட்டிச் சுமந்துகொண்டு, நாலு நாளோ பத்து நாளோ நடக்கிறார்கள். சுமக்க முடிந்தது மட்டுமே சொத்து. வீட்டில் இது இல்லாமல் முடியாது, அது இல்லாமல் முடியாது என்று இருந்தவர், இரண்டாம் நாள் ஏற்றத்தில், இதை ஏன் எடுத்து வந்தோம் என்று ஒவ்வொரு சாமானையும் நினைத்து வருந்துகிறார். எது தேவை, எது வெறும் ஆசை என்பதைத் தோள்பட்டை கற்றுக்கொடுக்கிறது. மாலையில் ஏரிக்கரையை அடைந்து, சுமையை இறக்கி வைத்து, வீங்கிய காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கிறபோது உண்டாகும் நிம்மதியை அவர்கள் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை.

இப்படிப்பட்ட இடங்களைப் பாதுகாக்க 1964-ம் ஆண்டு செப்டம்பர் 3-ம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தை எழுதிப் பல வருஷம் அதற்காக உழைத்த ஹோவர்ட் ஸானிஸர் என்பவர் நாலு மாதங்களுக்கு முன்பே இறந்துபோனார். தாம் நட்ட மரத்தின் பழத்தை அவர் காணவில்லை. அந்தச் சட்டத்தின் உட்கருத்து இதுதான்: இந்தப் பூமிகளில் மனிதன் விருந்தாளி, குடியிருப்பவன் அல்ல. வருவான், தங்குவான், போய்விடுவான்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அந்த மலைகள் மனிதனே கண்டறியாத இடங்கள் அல்ல. பையூட், மோனோ, மிவோக் முதலான பூர்வகுடிகள் எத்தனையோ தலைமுறைகளாக அந்தக் கணவாய்களைக் கடந்து, கிழக்கிலிருந்து அம்பு முனைக்கு வேண்டிய எரிமலைக் கண்ணாடிக் கல்லையும், மேற்கிலிருந்து உணவுக்கு வேண்டிய ஓக் கொட்டையையும் பண்டமாற்றுச் செய்துவந்தார்கள். அவர்களும் அந்த ஏரிக்கரைகளில் தங்கியிருக்கிறார்கள். ஆனால் நாம் பேசப்போகும் மாறுதல் அவர்கள் செய்ததல்ல.

காப்பிக் கெண்டியில் போன மீன்

அந்த உயர்ந்த ஏரிகளில் ஒரு விசேஷம் இருந்தது. ஏறத்தாழ 6,000 அடிக்கு மேலுள்ள ஏரிகளில் அநேகமாக எதிலுமே மீன் கிடையாது. காரணம் எளியது. கீழேயுள்ள ஆறுகளில் மீன் உண்டு. ஆனால் ஏரிகளிலிருந்து ஓடைகள் செங்குத்தான அருவிகளாக விழுகின்றன. அருவியை எதிர்த்து மீன் ஏற முடியாது. ஆகையால் பனியாறு உருகிய நாள் முதல் ஏரிகள் மீனில்லாமலே இருந்தன.

அங்கே போன மனிதர்களுக்கு இது பெரிய குறையாகப் பட்டது. இவ்வளவு நல்ல தண்ணீர், ஒரு மீன்கூட இல்லையே! 1876-ம் ஆண்டில், அந்த மலையின் தென்பாகத்தில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ஷெர்மன் ஸ்டீவன்ஸ் என்பவர், மல்கி ஓடையிலிருந்து சில டிரவுட் மீன்களைப் பிடித்து, ஒரு காப்பிக் கெண்டியில் போட்டுச் சுமந்து சென்று, தம் ஆலையருகே ஓடிய காட்டன்வுட் ஓடையில் விட்டார். அவை பொன்னிறமுள்ள அழகிய மீன்கள். பிற்காலத்தில், 1947-ல், கலிபோர்னியா மாகாணத்தின் மீனாகவே அந்த இனம் அறிவிக்கப்பட்டது. கெண்டியில் போன மீன்கள் பெருகின. 1891-ல் அங்கிருந்து மேலேயுள்ள காட்டன்வுட் ஏரிகளுக்கு அவற்றைக் கொண்டுபோனார்கள். அந்த ஏரிகளிலிருந்து வேறு ஏரிகளுக்குப் போயின.

பின்பு இது பெரிய முயற்சியாயிற்று. தூண்டில்காரர்கள், மலைப்பிரியர்களின் சங்கத்தார், அரசாங்க உத்தியோகஸ்தர் எல்லாரும் கைகொடுத்தார்கள். பால் கேன்களில் மீன்குஞ்சுகளை நிரப்பிக் கோவேறு கழுதைகளின்மேல் ஏற்றிக் கணவாய் கணவாயாகக் கொண்டு சென்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆகாய விமானத்தில் பறந்து மேலேயிருந்தபடியே ஏரிகளில் குஞ்சுகளைக் கொட்டினார்கள். நம் பக்கத்திலும் இந்த மீன் அந்நியமல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் விட்டு, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்து வளர்த்ததும் இதே டிரவுட் வகைதான்.

இவர்கள் யாரும் துஷ்டர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். களைத்து வருகிற பிரயாணிக்கு ஒரு வேளை உணவு கிடைக்கட்டும். தகப்பனும் பிள்ளையும் ஒன்றாகத் தூண்டில் போடட்டும். மலைக்கு வருகிறவர் அதை நேசித்து, அதைக் காப்பாற்றவும் முன்வரட்டும் என்று நினைத்தார்கள். கழுதையோடு கழுதையாய்க் கஷ்டப்பட்டு ஏறினார்கள். அதற்காக அவர்களைப் புகழாத பத்திரிகை இல்லை. வெறும் ஏரிக்கு உயிர் கொடுத்ததாகவே எல்லாரும் எண்ணினார்கள்.

ஏரி வெறுமையாக இருந்ததா?

ஏரி வெறுமையாக இருக்கவில்லை. மஞ்சள் கால் மலைத்தவளை என்ற ஒரு சிறிய தவளை அங்கே குடியிருந்தது. கையில் எடுத்தால் பூண்டு வாசனை வீசும். ஏரிக்கரையில் நடந்தால் அடிக்கு ஒன்றாய்த் தண்ணீரில் குதிக்கும்படி அவ்வளவு ஏராளமாக இருந்தது. யோசெமிட்டி பிரதேசத்தின் பிராணிகளைப் பல வருஷம் நடந்து ஆராய்ந்து, 1924-ல் புத்தகம் வெளியிட்ட ஜோசப் கிரின்னல், டிரேஸி ஸ்டோரர் என்ற இருவரும், அந்த உயரத்தில் மிகுதியாகக் காணப்படும் தவளை இதுவே என்று எழுதினார்கள். டிரவுட் விடப்பட்ட ஏரிகளில் இந்தத் தவளை இல்லாமற் போகிறது என்பதையும் அவர்கள் அப்போதே கண்டு சொன்னார்கள்.

காரணம் தவளையின் வளர்ச்சியில் இருக்கிறது. நம் ஊர்த் தவளையின் தலைப்பிரட்டை சில வாரங்களில் கால் முளைத்துக் கரையேறிவிடும். குளிர்ந்த மலை ஏரியில் அது நடக்காது. அங்கே தலைப்பிரட்டை தவளையாவதற்கு இரண்டு முதல் நாலு வருஷம் வரை செல்லும். அத்தனை குளிர்காலத்தையும் அது தண்ணீருக்குள்ளேயே கழிக்க வேண்டும். ஆழமில்லாத குட்டை அடிவரை உறைந்துவிடும். ஆகையால் ஆழமான ஏரிதான் அதற்குக் கதி. மீன் விடுகிறவர்களும் ஆழமான ஏரியைத்தான் தேடினார்கள். மீனும் அடிவரை உறையாத தண்ணீரில்தானே பிழைக்கும்! இப்படியாக, தவளைக்கு எந்த ஏரி உயிரோ, அந்த ஏரியே மீனுக்குக் கொடுக்கப்பட்டது. மீன் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்த்தது.

தவளை போனதோடு முடியவில்லை. தவளையைத் தின்று வாழ்ந்த மலைப்பாம்புகள் குறைந்தன. இவை நம் நாட்டு மலைப்பாம்பு போன்றவை அல்ல, கையளவு தடிப்புக்கூட இல்லாத சிறு பாம்புகள். தண்ணீரில் வளர்ந்து சிறகு முளைத்துப் பறக்கும் ஈசல் போன்ற பூச்சிகளை மீன் விழுங்கிவிட்டதால், அந்தப் பூச்சிகளை நம்பி ஏரிக்கரைக்கு வந்த மலைக்குருவிகளும் மீனுள்ள ஏரிகளுக்கு வருவது குறைந்தது. மீன் தண்ணீரை விட்டு ஓர் அங்குலமும் வெளியே வருவதில்லை. ஆனால் அதன் விளைவு ஆகாயத்தில் பறக்கும் குருவி வரை எட்டிற்று. இதற்குமேல், பிற்காலத்தில் தவளைகளின் தோலைப் பற்றும் ஒரு பூஞ்சக்காளான் நோயும் பரவி, மீதியிருந்தவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. முன்பு வாழ்ந்த இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் இந்தத் தவளை இல்லாமற் போயிற்று. 2014-ல் அமெரிக்க அரசாங்கம் சியரா நெவாடாவின் மஞ்சள் கால் தவளையை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது.

நியாயம் பார்ப்போம்

ஒரு செயலை நிறுக்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும் என்று பெரியோர் சொல்லுவார்கள்: செய்த காரியம் என்ன, செய்தவன் கருத்து என்ன, செய்த சூழ்நிலை என்ன? இந்த மூன்றையும் இங்கே வைத்துப் பார்ப்போம்.

காப்பிக் கெண்டியைச் சுமந்தவருக்குத் தவளையின் கதை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அறிய முடியாததை அறியவில்லை என்று ஒருவனைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. அவர் செய்ததால் கெடுதல் விளைந்தது உண்மை. ஆனால் அவர் மனசாட்சியில் களங்கமில்லை. விளைவு கெட்டதாயிருப்பது வேறு, செய்தவன் கெட்டவனாயிருப்பது வேறு.

1924-க்குப் பின் நிலைமை அப்படியல்ல. கண்டவர்கள் கண்டதை எழுதிவிட்டார்கள். புத்தகம் அச்சாகிவிட்டது. ஆயினும் மீன் விடுவது நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் விமானமே வந்தது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மீன் விடுவது முற்றிலும் நின்றது 1991-ம் ஆண்டில். புத்தகம் வந்து அறுபத்தேழு வருஷங்களுக்குப் பிறகு! இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தெரியாமை இரண்டு வகை. கண்ணுக்கு எட்டாததால் தெரியாமலிருப்பது ஒன்று. தெரிந்தால் நம் சந்தோஷம் கெடுமே என்று கண்ணைத் திருப்பிக்கொள்வது இன்னொன்று. முதலாவது சாக்கு ஆகும். இரண்டாவது சாக்கு ஆகாது. "நல்லது என்று நினைத்தேன்" என்று சொல்லுகிறவரிடம், "நல்லதுதானா என்று விசாரித்தீர்களா?" என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இன்னொரு கேள்வியும் உண்டு. யாருக்கு நல்லது? ஏரிக்கு நன்மை செய்ததாகச் சொன்னார்கள். உண்மையில் ஏரி எதையும் கேட்கவில்லை. தவளையும் கேட்கவில்லை. மீனை விரும்பினவன் தூண்டில்காரன். தன் விருப்பத்தை ஏரியின் தேவையாக எண்ணிக்கொண்டான். "இங்கே எனக்கு வேண்டியது இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "இங்கே ஒன்றுமே இல்லை" என்று சொன்னான். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. நாம் செய்யும் பிழைகளில் பாதி இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. நமக்கு விருப்பமானது பிறரிடம் இல்லையென்றால் அவரை ஏழை என்றும், வெறுமையானவர் என்றும், நம் உதவி வேண்டியவர் என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். அவரிடம் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்க நமக்குப் பொறுமையில்லை.

பரிகாரத்திலும் ஒரு கஷ்டம்

கெடுதல் தெரிந்தபின் என்ன செய்வது? சென்ற நூற்றாண்டின் இறுதியிலிருந்து, ரோலண்ட் நாப், வான்ஸ் வ்ரெடன்பர்க் முதலான ஆராய்ச்சியாளர் சில ஏரிகளில் செவுள் வலைகளை விரித்து மீன்களை அறவே எடுத்துப் பார்த்தார்கள். எளிதான வேலையல்ல. வலைகளை மனிதர் சுமந்து ஏற வேண்டும். வருஷக்கணக்கில் ஏரியைக் காவல் காக்க வேண்டும். சில இடங்களில் பனிக்கட்டியின் அடியிலும் வலை கிடந்தது. மீன் நீங்கிய ஏரிகளில், அருகே தவளைகள் மிஞ்சியிருந்த இடங்களிலிருந்து அவை வந்து மறுபடியும் பெருகின. யோசெமிட்டியில் இருபது வருஷக் கணக்கெடுப்பின் முடிவு 2016-ல் வெளிவந்தது. நோய் இன்னும் இருந்தபோதிலும், மீன் விடுவது நின்றபின் தவளைகள் பல மடங்கு பெருகியிருந்தன.

ஆனால் இதிலும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. டிரவுட் மீன் என்ன குற்றம் செய்தது? அது தானாக ஏறி வரவில்லை. நாம் கொண்டுபோய் விட்டோம். அது தன் சுபாவப்படி வாழ்ந்தது. இப்போது நாமே அதைக் கொல்லுகிறோம். ஒரு பிழையைத் திருத்த ஓர் உயிரை எடுப்பது நியாயமா? அன்றியும், தகப்பனார் கையைப் பிடித்து நடந்து, அந்த ஏரியில் முதல் மீனைப் பிடித்த ஞாபகத்தோடு இன்று தன் பிள்ளையை அழைத்துவரும் ஒரு மனிதன் இருக்கிறான். அவனுடைய துக்கமும் துக்கம்தான். அவனை முட்டாள் என்று ஏளனம் செய்வது அநியாயம்.

இதற்கு என் அபிப்பிராயம் இது. மீனைக் கொல்லுவது சந்தோஷமான காரியமல்ல. அதைச் சந்தோஷமாகச் செய்கிறவன் அந்த வேலைக்குத் தகுதியானவனும் அல்ல. ஆனால் டிரவுட் இனத்துக்கு உலகில் வேறு ஆயிரம் தண்ணீர் இருக்கிறது. இந்தத் தவளைக்கோ இந்த மலையை விட்டால் வேறு போக்கிடமில்லை. ஒருவன் இழப்பது ஒரு ஏரி, மற்றவன் இழப்பது முழு உலகம் என்றால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமில்லை. எல்லா ஏரிகளிலும் மீனை எடுக்கவுமில்லை. தெரிந்தெடுத்த சில ஏரிகளில் மட்டும் எடுத்தார்கள். மீனுள்ள ஏரிகளே இன்றும் மிகுதி. தகப்பனும் பிள்ளையும் தூண்டில் போட இடம் இருக்கிறது.

இன்னும் ஒருவர் கேட்கலாம்: "மீன் விட்டவரும் நல்லெண்ணம் என்றார். மீன் எடுக்கிறவரும் நல்லெண்ணம் என்கிறார். நாளை இவரும் தப்பு என்று தெரிந்தால்?" நல்ல கேள்வி. எண்ணத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லைதான். செய்யும் முறையில் வித்தியாசம் உண்டு. மீன் விட்டவர்கள் மலை முழுவதிலும் கொட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்கள். மீன் எடுத்தவர்கள் முதலில் சில ஏரிகளில் செய்தார்கள்; பக்கத்து ஏரிகளைத் தொடாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; வருஷந்தோறும் திரும்பி வந்து எண்ணினார்கள்; எண்ணினதை எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள். பிழையென்று தெரிந்தால் நிறுத்தக்கூடிய விதமாகச் செய்தார்கள். தன் நல்லெண்ணத்தையே சந்தேகித்துச் சோதிக்கிறவனுடைய நல்லெண்ணத்தை நாம் நம்பலாம்.

விருந்தாளியின் ஒழுங்கு

இன்று அந்த ஏரிகளுக்கு நடந்து போகிறவர்களுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. கூட்டம் மிகுந்த பாதைகளில் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்து அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறார்கள். யோசெமிட்டியில் 9,600 அடிக்கு மேல் விறகுத் தீ மூட்டக்கூடாது. அந்த உயரத்தில் ஒரு சுள்ளி வளர எத்தனையோ வருஷம் ஆகிறது. மலஜலத்துக்குப் போவதானால் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, அரை அடிக்குக் குறையாமல் குழி தோண்டி மூட வேண்டும். விட்னி மலைப் பாதையில் அதுவும் போதாது. அதையும் பையில் கட்டிச் சுமந்து கீழே கொண்டுவர வேண்டும். பல இடங்களில் உணவைக் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் கேட்கும்போது இவையெல்லாம் கெடுபிடியாகத் தோன்றும். சுதந்திரத்தைத் தேடி மலைக்குப் போனால் அங்கேயும் சட்டமா? ஆனால் யோசித்தால், ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு பழைய நல்லெண்ணமோ அஜாக்கிரதையோ இருக்கிறது. கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். கரடிக்கு ஒரு துண்டு ரொட்டி போடுகிறவன் அன்பினால்தான் போடுகிறான். மனிதரிடம் தின்று பழகிய கரடி கூடாரத்தைக் கிழிக்கக் கற்றுக்கொள்ளுகிறது. ஆட்களுக்கு ஆபத்து என்று ஆனபின் அதைச் சுட வேண்டி வருகிறது. ரொட்டி போட்டவன் அப்போது ஊரில் இருப்பான். தன் கையால் ஒரு கரடி செத்தது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

"நான் ஒருவன் செய்வதால் என்ன வந்துவிடும்?" என்பது இன்னொரு சமாதானம். ஏரி பெரியது, மலை பெரியது, நான் கழுவும் ஒரு தட்டுச் சோப்பு எம்மாத்திரம்? ஆனால் அந்தக் கரையில் நாளைக்கு இன்னொருவன் நிற்பான். அவனும் தன்னை ஒருவன் என்றே எண்ணுவான். ஒவ்வொருவரும் தன்னை ஒருவனாக எண்ணுவதால்தான் கூட்டம் உண்டாகிறது. அங்கே போலீஸ்காரன் இல்லை. காவற்காரன் மலைக்கு அப்பால் இருப்பான். செய்வதைப் பார்க்கத் தவளையும் பாறையுமே உண்டு. மனிதன் உண்மையில் எப்படிப்பட்டவன் என்பது அங்கேதான் தெரியும். பார்க்க ஆள் இருக்கும்போது ஒழுங்காயிருப்பது பயம். ஆள் இல்லாதபோதும் ஒழுங்காயிருப்பதுதான் குணம்.

அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போகிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. தன் பங்கு மறுக்கப்பட்டதாக அவன் எண்ணுகிறான். ஆனால் நாளை வரப்போகிறவனும், இன்னும் பிறக்காதவனும், அந்தத் தவளையும் அதே வீட்டின் விருந்தாளிகள். பந்தியில் இடமில்லை என்றால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பது நமக்குத் தெரியாத ஒழுங்கு அல்லவே!

நம் வீட்டுக்கு வருவோம்

சியரா நெவாடாவுக்கு நம்மில் எத்தனை பேர் போகப் போகிறோம்? ஒருவேளை யாருமே போகாமலிருக்கலாம். ஆனால் காப்பிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நாம் எல்லாருமே அலைகிறோம். அடுத்த வீட்டுக்காரர் கேட்காமலே அவர் குடும்பத்துக்கு யோசனை சொல்லுகிறோம். பேசாத பிள்ளையை "மந்தம்" என்று எண்ணி, அது தனக்குள் வளர்க்கும் உலகத்தைக் கலைத்துவிடுகிறோம். ஏழைக் குடும்பத்துக்கு அவர்களுக்குத் தேவையானதை விட்டு, நமக்குக் கொடுக்க ஆசையானதைக் கொடுக்கிறோம். கொடுத்ததைப் போட்டோ பிடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போகிறோம். வயதான தாயாரை வசதியான அறைக்கு மாற்றுகிறோம். தினமும் அவரோடு பேசின திண்ணையும் தெருவும் அந்த அறையில் இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை.

இதற்காக நன்மை செய்யாமல் சும்மாயிருந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தண்ணீரில் விழுந்தவனைக் கண்டு, இது நன்மையோ தின்மையோ என்று கரையில் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறவன் மூடன். அவசரமான இடத்தில் கை தானாக நீள வேண்டும். ஆனால் அவசரமில்லாத நன்மைகளே நம் வாழ்க்கையில் அதிகம். அவற்றைச் செய்யுமுன் நாலு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இதைக் கேட்டவர் யார்? இதனால் மகிழப்போவது அவரா, நானா? அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தேனா? பிழையென்று தெரிந்தால் திரும்ப எடுக்க முடியுமா? இந்த நாலுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னவனும் தவறலாம். ஆனால் அவன் தவறு அறியாமையின் தவறு. அலட்சியத்தின் தவறு அல்ல.

செய்து முடித்த பிறகு இன்னொரு கடமை பாக்கியிருக்கிறது. திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். கெடுதல் நடந்திருந்தால், "நல்லது என்று நினைத்தேன்" என்று சொல்லி முடித்துவிடாமல், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். கெண்டியைச் சுமந்து ஏறியவருக்கு ஒரு நாள் வேலை. அதைத் திருத்தப் போனவர்களுக்கு வருஷக்கணக்கான வேலை. பிழை செய்வதற்கும் திருத்துவதற்கும் கூலி எப்போதும் இப்படித்தான் ஏற்றத்தாழ்வாக இருக்கிறது. அதை அறிந்தவன் கெண்டியில் மீனைப் போடுமுன் ஒரு நிமிஷம் தண்ணீரின் ஓரத்தில் குனிந்து, அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பான்.

நல்லெண்ணம் விதை. விதை இல்லாமல் பயிர் இல்லை. ஆனால் எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், யாருடைய வயலில் விதைக்கிறோம் என்று பாராமல் வீசுகிறவனை உலகம் விவசாயி என்று சொல்லுவதில்லை.